20 வாட் ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர்? ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி): என்ஏடி நிறுவனத்தின் 3020, முதல் மாடல். இடம்: ஸ்ரீரங்கத்தில் என் பெரியப்பா மகன் வீட்டு முன்னறை. நீளம் 14 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. மொசைக் தரை, சிமென்ட் சுவர், தெருப்பக்கம் ஒரு ஜன்னல். கேட்பது: கர்நாடகக் கச்சேரி இசைத்தட்டுகள், இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள், வெள்ளிக்கிழமை காலையில் நாதஸ்வரம். பிரச்சினை: பழைய ஸ்பீக்கரில் ஒன்று பாதி செத்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும், எது என்று தெரியவில்லை.

அண்ணன் உள்ளூரில் விசாரித்தபோது அவருக்கு இரண்டு பதில் கிடைத்தது. ஒரு கடையில், "20 வாட் ஆம்ப்தானே? 20 வாட் ஸ்பீக்கர் போடுங்க, 100 வாட் போட்டா இழுக்காது" என்றார்கள். இன்னொரு கடையில், ஆம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹோம் தியேட்டர் செட் வாங்கச் சொன்னார்கள். இரண்டிலும் வாட் என்கிற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லிவிட்டார்கள். ஸ்பீக்கர் பொருத்தத்தில் மிகக் குறைவாகச் சேதி சொல்லும் எண் அதுதான். ஏன் என்பதை இந்த ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம்.

ஆம்ப்பின் கதை

3020 வெளிவந்தது 1978இல். வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர். 8 ஓமில் (ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு) ஒரு பக்கத்துக்கு 20 வாட் என்பதுதான் அட்டையில் போட்ட அளவு. அன்றைக்கு அதே விலையில் 40, 50 வாட் என்று போட்ட ஜப்பான் பெட்டிகள் கடைகளில் குவிந்து கிடந்தன. அப்படியிருந்தும் இது உலகெங்கும் விற்றுத் தீர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இதனால் தர முடிந்த மின்னோட்டம். தொடர்ச்சியாக 20 வாட்தான். ஆனால் தவில் அடியைப் போல ஒரு கணம் வந்து போகும் உச்சத்துக்கு 8 ஓமில் 40 வாட், 4 ஓமில் 58 வாட், 2 ஓமில் 72 வாட் வரை தரும்.

இந்த மூன்று எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓம் குறையக் குறைய வாட் ஏறுகிறது. 2 ஓமில் 72 வாட் என்றால் 6 ஆம்பியர். மாடித் தொட்டியில் தண்ணீர் உயரம் ஒன்றே என்றாலும் பெரிய குழாயைத் திறந்தால் வேகமாகக் காலியாகும் அல்லவா? ஸ்பீக்கரின் ஓம் குறைவது குழாய் பெரிதாவது போல. தொட்டியில் சரக்கு இல்லாத ஆம்ப் அப்போது தடுமாறும். 3020இல் கொஞ்சம் சரக்கு உண்டு.

வெளியீட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடி 2என்3055, எம்ஜே2955. முதலாவதைப் பற்றி, மின்னணுச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் கட்டியவர்களிடம் கேட்டால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார்கள். எண்பதுகளில் தமிழ்நாட்டில் கையால் கட்டிய ஆம்ப்புகளில் பாதிக்குமேல் அதுதான் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இந்தப் பெட்டி குவைத்திலிருந்து பெரியப்பா கொண்டுவந்தது. அங்கே 240 வோல்ட் என்பதால் நம் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடியது. சவுதியிலிருந்து வந்த அந்தக் காலப் பெட்டி என்றால் பின்பக்கம் என்ன வோல்டேஜ் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் செருகவே கூடாது. அங்கே பல ஊர்களில் 127 வோல்ட் இருந்தது.

ஸ்பீக்கர் பார்ப்பதற்கு முன்னால் ஆம்ப்பைப் பார்த்தோம். நாற்பது வருஷம் ஆன எந்த ஆம்ப்பிலும் மின்பகு கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். திருச்சியில் ஒரு பழைய மெக்கானிக், சீரிஸ் லேம்ப் போர்டில் 100 வாட் பல்பைப் போட்டு அதன் வழியாகத்தான் முதல் முறை கரண்ட் கொடுத்தார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. அப்படி மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை என்று அர்த்தம். முழு வெளிச்சத்திலேயே நின்றிருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம் கெபாசிட்டர்களை மாற்றினார், வால்யூம் பொத்தானுக்குள் கிளீனர் அடித்தார். பின்பக்கம் 'ப்ரீ அவுட்'டையும் (ஆம்ப்பின் முன்பகுதி வெளியீடு) 'நார்மல் இன்'னையும் (பவர் பகுதியின் உள்ளீடு) சேர்க்கும் யு வடிவக் கம்பிகள் கறுத்திருந்தன. அவற்றைத் தேய்த்துப் போட்டதும், இடது பக்கம் அவ்வப்போது மங்கிக்கொண்டிருந்த பழைய வியாதி நின்றுவிட்டது. கடைசியாக ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம், ஸ்பீக்கருக்குப் போகக் கூடாதது) வருகிறதா என்று பார்த்தோம். இரண்டு பக்கமும் 30 மில்லிவோல்ட்டுக்குள். 50க்குள் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் டிசி வந்துகொண்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வூஃபரும் (அடிமட்ட ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கருகும். பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் புது ஸ்பீக்கர் வாங்குமுன் இந்த ஒரு சோதனையாவது செய்யாமல் இருக்கக் கூடாது.

பழைய டுவீட்டர் செத்தது எப்படி

செத்த ஸ்பீக்கர் உள்ளூரில் கட்டியது. பின்னால் '100 வாட், 4 ஓம்' என்று ஸ்டிக்கர். வலது பெட்டியில் உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் முள் அசையவே இல்லை. சுருள் அறுந்துவிட்டது. 100 வாட் தாங்கும் ஸ்பீக்கரை 20 வாட் ஆம்ப் எப்படிக் கொன்றது என்று அண்ணனுக்கு ஆச்சரியம்.

விசாரித்தால், பையன் பிறந்தநாளுக்குக் கூடத்தில் பாட்டு போட்டிருக்கிறார்கள். பேஸ் பொத்தான் முழுக்க வலது பக்கம், அடிமட்டத்தைத் தூக்கிக்கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானும் அமுக்கியிருக்கிறது, வால்யூம் மூன்று மணி நிலையில். இங்கேதான் விஷயம். பேஸ் பொத்தானை முழுக்கத் திருப்பினால் அடிமட்ட ஒலிகள் சுமார் 10 டெசிபல் (ஒலி அளவின் அலகு) ஏறும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட். 3 வாட் கேட்டுக்கொண்டிருந்த டிரம் அடி இப்போது 30 கேட்கிறது. ஆம்ப்பால் தொடர்ந்து அவ்வளவு தர முடியாது, அலையின் தலையை வெட்டிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வெட்டிய விளிம்புகளில் புதிதாக உயர் அதிர்வெண்கள் முளைக்கின்றன. தலை வெட்டுப்பட்ட நிலையிலேயே வால்யூமை இன்னும் ஏற்றினால், அடிமட்டம் மேலே போக வழியில்லாமல் நிற்க, பாட்டின் மற்ற பகுதியெல்லாம் ஏறி அதன் பக்கத்தில் வந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்து நேராக டுவீட்டருக்குப் போகும். '100 வாட்' என்ற ஸ்டிக்கர் மொத்தப் பெட்டிக்கு. உள்ளே இருக்கும் டுவீட்டர் தொடர்ந்து தாங்குவது அதில் சிறு பங்குதான். அந்தப் பெட்டியில் கிராஸ்ஓவர் (அடி ஒலியையும் உயர் ஒலியையும் பிரித்து அனுப்பும் பகுதி) என்று இருந்தது ஒற்றைக் கெபாசிட்டர். டுவீட்டருக்கு அது பெரிய பாதுகாப்பு இல்லை.

ஆக, சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று சொல்வது பாதி உண்மை. சின்ன ஆம்ப்பை அதன் எல்லைக்குமேல் தள்ளினால்தான் கெடுக்கும். எல்லைக்குள் இருந்தால் 20 வாட் ஆம்ப்பில் 200 வாட் தாங்கும் ஸ்பீக்கரைப் போட்டு நூறு வருஷம் கேட்கலாம். ஸ்பீக்கரில் போட்ட வாட் அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு, எவ்வளவு கேட்கும் என்பதற்கு இல்லை. 3020இன் பின்னால் 'சாஃப்ட் கிளிப்பிங்' என்று ஒரு சுவிட்சு இருக்கிறது. அலையின் தலையைச் சட்டென்று வெட்டாமல் மழுக்கி விடும். அண்ணன் வீட்டில் இத்தனை வருஷமும் அது அணைந்தே கிடந்திருக்கிறது.

பார்க்க வேண்டிய எண்கள்

சரி, வாட் இல்லையென்றால் எதைப் பார்ப்பது? முதலில் சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓமில் அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரில் 90 டெசிபல் என்று பெருமையாகப் போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு அது 87தான் என்று மனதில் கழித்துக்கொள்ள வேண்டும். 3 டெசிபல் வித்தியாசம் என்பது ஆம்ப்பிடம் இரண்டு மடங்கு கேட்பது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் வாங்கினால், 20 வாட் ஆம்ப்பை விற்று 40 வாட் வாங்கிய பலன் கிடைக்கிறது.

அடுத்தது இம்பீடன்ஸின், அதாவது ஸ்பீக்கரின் ஓம் அளவின், குறைந்தபட்சம். பின்பக்கம் 8 ஓம், 6 ஓம் என்று போட்டிருப்பது ஒரு அடையாளம் மட்டுமே. ஸ்பீக்கரின் ஓம் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும். ஓரிடத்தில் 30க்கு ஏறும், ஓரிடத்தில் 4க்கு விழும். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, குறிப்பிட்ட ஓமில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் விழக் கூடாது. அதாவது 8 ஓம் என்று போட்டால் 6.4க்குக் கீழே போகக் கூடாது. இந்த விதியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி ஸ்பீக்கர்களின் அடையாளத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலான டூ-வே (வூஃபர் ஒன்று, டுவீட்டர் ஒன்று உள்ள) பெட்டிகளில் இந்தப் பள்ளம் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. ஆண்குரல் நிற்பது அங்கேதான். இசையில் தெம்பு அதிகம் தேவைப்படும் இடத்திலேயே ஸ்பீக்கர் மின்னோட்டத்தை அதிகமாக உறிஞ்சுகிறது.

இதன் இரண்டு எல்லைக்கும் பெயர்போன உதாரணங்கள் உண்டு. எண்பதுகளில் வந்த அப்போஜி சிண்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம். அதில் மாட்டிய ஆம்ப்புகள் பல பாதுகாப்புக்குள் போய் அணைந்தன. மறுபக்கம், பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. பழைய பதிப்பு 15 ஓம். மின்னோட்டமே அதிகம் கேட்காது, ஆனால் சென்சிட்டிவிட்டி 82.5 டெசிபல்தான். அண்ணன் யாரோ வைத்திருந்த ஒரு ஜோடியைப் பற்றிக் கேட்டார். 3020 தன் 20 வாட்டில் கொடுப்பது சுமார் 12.6 வோல்ட். 15 ஓமில் அது 10 வாட் சொச்சம். பக்கத்தில் உட்கார்ந்து குரல் மட்டும் கேட்க அருமையான பெட்டி. நாதஸ்வரமும் தவிலும் அந்த அறையில் அதில் மூச்சு வாங்கும். அதை விட்டுவிட்டோம்.

மூன்று பேர் போட்டியில்

பட்டியலில் நின்றவை மூன்று. கெஃப் எல்எஸ்50 மெட்டா: 85 டெசிபல், '8 ஓம்', குறைந்தபட்சம் 3.5. வார்ஃப்டேல் லிண்டன்: 90 டெசிபல், '6 ஓம்', குறைந்தபட்சம் 3.5. கியூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ (3020i என்ற ஸ்பீக்கர், நம் ஆம்ப் 3020 வேறு): 88 டெசிபல், '6 ஓம்', குறைந்தபட்சம் 4. மேலே சொன்ன விதியின்படி மூன்றுமே அடையாளத்தில் தவறுகின்றன. ஆனால் குறைந்தபட்சத்தை வெளிப்படையாகப் போட்டிருப்பதால் நமக்குக் கணக்குப் போட முடிகிறது. குறைந்தபட்சமே போடாத ஸ்பீக்கரைத்தான் நான் சந்தேகப்படுவேன். விலையில் முதல் இரண்டும் மூன்றாவதைப்போல நாலு மடங்குக்குமேல்.

கணக்கு இப்படி. அண்ணன் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 8 அடி, அதாவது 2.4 மீட்டர். திறந்த வெளியில் இந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறையும். சிமென்ட் அறையில் அவ்வளவு குறையாது, ஆனால் கறாராகவே போடுவோம். 20 வாட் என்பது 1 வாட்டுக்குமேல் 13 டெசிபல். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 கூடும். எல்எஸ்50க்கு 85, கூட்டல் 13, கழித்தல் 8, கூட்டல் 3: ஆக 93 டெசிபல். 3020ஐக்கு 96. லிண்டனுக்கு 98.

இது போதுமா? அண்ணன் வழக்கமாகக் கேட்கும் அளவைக் கைபேசிச் செயலியில் பார்த்தால் சராசரி 72 முதல் 75. கச்சேரிப் பதிவில் சராசரிக்குமேல் 15, சில சமயம் 18 டெசிபல் உச்சம் வரும். ஆக, தேவை 93 வரை. எல்எஸ்50 சரியாக விளிம்பில் வந்து நிற்கிறது. 3020 கணநேரத்துக்குத் தரும் கூடுதல் 3 டெசிபல்தான் அதற்குக் கையிருப்பு. கெஃப் நிறுவனமே அதற்கு 40 வாட்டிலிருந்து 100 வாட் வரை ஆம்ப் வேண்டும் என்கிறது. இந்த இடத்தில் நான் தயாரிப்பாளர் சொல்வதை நம்புவேன்.

மின்னோட்டத்தில் மூன்றுமே தாங்கும். 20 வாட் அளவில் அலையின் உச்சி 18 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. 3.5 ஓமில் அது 5 ஆம்பியர் சொச்சம், 4 ஓமில் 4.5. 2 ஓமில் 72 வாட் தந்த ஆம்ப்புக்கு உச்சியில் 8 ஆம்பியருக்குமேல் வரும் என்பதால் கணநேரத்துக்குக் கவலை இல்லை. கவலை வெப்பத்தில்தான். ஓம் பாதியானால் டிரான்சிஸ்டரில் தங்கும் சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகும். திருச்சியில் மே மாதம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி. ஷோகேஸ் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்த ஆம்ப்பை முதலில் வெளியே எடுத்தோம். மேலே ஒரு சாண் இடைவெளி. அதன் தலையில் செட்டாப் பாக்ஸ் வைக்கக் கூடாது என்பதை அண்ணியிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கடையில் கேட்டது

ஸ்பீக்கர் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். கடையில் 100 வாட், 150 வாட் ஆம்ப்பில் மாட்டிக் காட்டுவார்கள். எந்த ஸ்பீக்கரும் அதில் நன்றாகத்தான் கேட்கும். நம் ஆம்ப்போடு அது எப்படிப் பேசும் என்பது தெரியாது. 3020 ஐந்து கிலோ சொச்சம்தான். ஒரு பையில் துணி சுற்றி ராக்ஃபோர்ட் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டோம். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார். "சார், 3020க்கு 3020ஐ, பேரே பொருந்துதே" என்றார் உதவிக்கு நின்ற பையன். இரண்டு நிறுவனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஒப்பிடும்போது அளவைச் சமன் செய்யாவிட்டால் எல்லாமே வீண். சத்தம் ஒரு துளி கூடினாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, உட்காரும் இடத்தில் கைபேசியை வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே டெசிபல் வருமாறு வால்யூமை வைத்துக்கொண்டோம். லிண்டனுக்குப் பொத்தான் ஒன்பதரை மணி நிலையில் நின்றது, 3020ஐக்குப் பத்து, எல்எஸ்50க்குப் பதினொன்று. காகிதத்தில் போட்ட கணக்கு பொத்தானில் அப்படியே தெரிந்தது.

3020இன் முகப்பில் ஐந்து குட்டி விளக்குகள் உண்டு, 1 வாட்டிலிருந்து 35 வரை. அண்ணன் வழக்கமாகக் கேட்கும் அளவில் முதல் விளக்கு மட்டும் அவ்வப்போது கண் சிமிட்டியது. "அப்போ நான் இத்தனை நாளா ஒரு வாட்டுலயா கேட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார். ஆமாம், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். மீதி 19 வாட் உச்சங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: இந்த விளக்குகள் அளப்பது வோல்ட்டை, அதுவும் 8 ஓம் என்று வைத்துக்கொண்டு. ஸ்பீக்கர் 4 ஓமில் இருக்கும் இடத்தில் விளக்கு 10 என்றால் ஆம்ப் உண்மையில் 20 கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எல்எஸ்50 மெட்டாவில் குரல் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. வயலினின் வில் இழுப்பும் தம்புராவின் ரீங்காரமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. மூன்றில் என் காதுக்குப் பிடித்தது அதுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தனி ஆவர்த்தனத்தில் அளவைக் கொஞ்சம் ஏற்றியதும் நாலாவது விளக்கு எரிய ஆரம்பித்தது. சொற்கட்டின் முனையில் ஒரு கடினம் வந்தது. அதே ஸ்பீக்கரைக் கடையின் பெரிய ஆம்ப்பில் மாட்டியதும் அந்தக் கடினம் போய்விட்டது. அதாவது குறை ஸ்பீக்கரில் இல்லை, இந்த ஜோடியில்.

லிண்டன் நேர்மாறு. ஆம்ப் உழைப்பதே தெரியவில்லை. ராஜாவின் பேஸ் கிடார் தரையிலிருந்து எழுந்து வந்தது. அண்ணன் அங்கேயே முடிவு செய்துவிட்டார், முகத்தில் தெரிந்தது. 3020ஐ இரண்டுக்கும் நடுவில். குரலில் நாணயம், நாதஸ்வரத்தில் கீச்சில்லை, ஆம்ப்புக்குச் சிரமமில்லை, அடிமட்டம் மட்டும் மெலிவு. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பொருந்துகிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால் லிண்டன்தான் பதில்.

அறை சொன்ன தீர்ப்பு

ஆனால் கடையின் கூடம் ஸ்ரீரங்கத்து முன்னறையைப்போல மூன்று மடங்கு. லிண்டன் ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம், 18 கிலோ. 11 அடிச் சுவரில் ஒரு பீரோ நிற்கிறது, நடுவில் ஊஞ்சல். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து ஓரடிக்குமேல் முன்னால் இழுக்க வழியே இல்லை. லிண்டனின் காற்றுத் துளைகள் பின்பக்கம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை அறையின் சொந்தச் சுருதி. இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் போய் ஓர் அதிர்வெண்ணில் தேங்கும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 52, 10 அடி உயரத்துக்கு 57. மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே விழுகின்றன. மொசைக் தரையும் சிமென்ட் சுவரும் அதை உறிஞ்சாது. நாலு தந்திப் பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். லிண்டன் 40 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கும் ஸ்பீக்கர். இந்த அறையில் அதைச் சுவரோரம் வைத்தால் பேஸ் வரிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் 'பூம்' என்று ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அதில் மாட்டிக்கொண்டு குழையும்.

3020ஐ 64 ஹெர்ட்ஸிலேயே 6 டெசிபல் இறங்கிவிடுகிறது. கடையில் குறையாகப் பட்ட அந்த மெலிவு இங்கே வசதி. அறை தேக்கிவைக்கும் மூன்று அதிர்வெண்களும் அந்த ஸ்பீக்கர் பெரிதாகத் தொடாத இடத்தில் இருக்கின்றன. அதற்குமேல் இருக்கும் அடிமட்டத்தைப் பின்சுவர் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். ஆம்ப்பின் கோணத்திலும் லாபம்தான்: அடிமட்டத்தில் செலவாகும் வாட் குறைகிறது.

அண்ணனுக்கு இதை ஏற்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. "பெரிசு நல்லாருக்குன்னு நீயே சொன்னே, இப்போ சின்னது வாங்குங்கறே" என்றார். கடைக்காரர் நல்ல மனிதர். வார இறுதிக்கு ஒரு ஜோடி லிண்டனைத் திருச்சிக் கிளையிலிருந்து அனுப்பிவைத்தார். பீரோக் கதவு பேஸ் கிடாருக்குத் தாளம் போட்டதைக் கேட்டபிறகு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எல்எஸ்50 மெட்டாவை ஆம்ப் மாற்றும் காலத்துக்கு ஒத்திவைத்தோம்.

மாட்டியபின்

3020ஐயை இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில், பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில் வைத்தோம். டுவீட்டர் ஏறக்குறைய காது உயரம். ஷெல்ஃபில் வைத்துப் பார்த்தபோது குரல் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. ஸ்டாண்டுக்கு ஆன செலவு கேபிளுக்குக் கேட்ட செலவைவிடக் குறைவுதான், பலன் பல மடங்கு.

கேபிளுக்குச் சாதாரண வீட்டு வயரிங் கம்பியே போட்டோம், 2.5 சதுர மி.மீ. ஐந்து மீட்டர் தூரம், போக வரப் பத்து மீட்டர். மின்தடை 0.07 ஓம் சொச்சம். 4 ஓம் ஸ்பீக்கரில் இதனால் இழப்பது 0.2 டெசிபலுக்கும் குறைவு, எந்தக் காதுக்கும் எட்டாது. முனையில் பிரிந்த ஒரு இழை அடுத்த முனையைத் தொட்டால் ஆம்ப் போய்விடும் என்பதால் நுனியில் ஈயம் வைத்துக் கட்டினோம். கவனம் போக வேண்டிய இடம் அது.

தரையில் ஒரு ஜமுக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. வயலினில் இருந்த கூச்சல் பாதி அடங்கியது. ஸ்பீக்கரோடு வந்த நுரை அடைப்பான்களைப் பின்துளையில் போட்டும் எடுத்தும் பார்த்ததில், பீரோ பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும் போட்டபோது இரண்டு பக்கமும் சமமாக வந்தது. இரண்டு பெட்டிக்கு இரண்டு விதமா என்று கேட்டால், அறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே. பேஸ் பொத்தான் நடுவில், லவுட்னஸ் அணைப்பு, சாஃப்ட் கிளிப்பிங் போட்டபடி. வெள்ளிக்கிழமை நாதஸ்வரத்துக்கு மூன்றாவது விளக்கு வரை போகிறது. ஒரு மணி நேரம் ஓடியபின் ஆம்ப்பின் மேல்தகட்டில் கையை வைத்தால் வெதுவெதுப்பு, சூடு இல்லை.

இப்போது பையன் சப்வூஃபர் (அடிமட்ட ஒலிக்கு மட்டுமான தனிப் பெட்டி) கேட்கிறான். 3020இல் ப்ரீ அவுட் தனியாக இருப்பதால் அங்கிருந்தே பவர் உள்ள சப்வூஃபருக்கு வயர் எடுக்கலாம், ஆம்ப்புக்குக் கூடுதல் சுமை வராது. ஆனால் 40க்கும் 57க்கும் இடையே அறை செய்யும் வேலை அப்படியே இருக்கிறது. மூலையில் வைத்தால் லிண்டனுக்கு நடந்ததே நடக்கும். ஊஞ்சலை மாடிக்கு மாற்றும் பேச்சு வீட்டில் ஓடுகிறது. அது முடிந்தால் சப்வூஃபரைச் சுவர் நடுவில் வைத்துச் சோதிக்க இடம் கிடைக்கும். அதுவரை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.